ஆளில்லாத நாற்காலி

சங்கரன்கோவிலில் யாரிடம் கேட்டாலும் லட்சுமிப்ரியாவைத் தங்கமான பிள்ளை என்றுதான் சொல்வார்கள். தங்கமான பிள்ளை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, குரலை உயர்த்தாத மருமகள் என்று பொருள். அவள் குரலை உயர்த்தியது ஒரே ஒரு தடவை. அதுவும் ஆயுத பூஜையன்று, தட்டில் கற்பூரம் காத்திருக்க, வீட்டுக்கு வந்தவர் முன்னால், ஒரு சுவிட்சுக்காக. மாமனார் தரப்பில் அதை வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மருமகள் சாமி முன்னால் பேயாட்டம் ஆடினாளாம். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

வாசுதேவநல்லூரில் பிறந்து, கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து, ஆனந்த்சங்கருக்குக் கழுத்தை நீட்டி இந்த ஊருக்கு வந்தவள். வந்த புதிதில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெள்ளத்துரையின் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலைக்குப் போனாள். எந்தப் பாட்டுக்கு எந்த இடத்தில் தாலி ஏற வேண்டும், அழுகிற அம்மாவை எவ்வளவு நேரம் காட்டினால் போதும், சாப்பாட்டுப் பந்தியில் வாயைத் திறந்து வைத்திருக்கும் சித்தப்பாவை எப்படி மரியாதையாகக் கழற்றிவிடுவது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கேசட் காலம் போய், சிடி காலம் போய், பென் டிரைவ் காலம் வந்த பிறகும் உறையின் மேல் இருந்தது வெள்ளத்துரையின் பெயர்தான். அவள் பெயர் எங்கேயும் இல்லை. ஒரு நாள் அதைக் கேட்டே விட்டாள். "உம் பேரைப் போட்டா யாரும்மா வருவா?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த மாதத்தோடு நின்றுவிட்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, வீட்டுக் கூடத்தின் மூலையில் போட்டு, சொந்தமாக ஆரம்பித்தாள்.

ஸ்டுடியோவில் ஒரு வெள்ளத்துரைதான். வீட்டிலோ மாமனார் நெல்லைநாயகம் இருந்தார்.

நெல்லைநாயகம் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். நல்ல மனிதர்தான், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, சுவிட்சை அணைப்பதைத் தவிர. ஆள் இல்லாத இடத்தில் எது எரிந்தாலும், எது சுற்றினாலும் அவருக்குப் பொறுக்காது. குளிக்கப் போனவன் சோப்பு எடுக்க வெளியே வந்தால் திரும்பிப் போகும்போது குளியலறை இருட்டாக இருக்கும். ஆனால் அவர் ஈசி சேரில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கும்போது எதிரே டிவி மட்டும் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். அதை யாராவது அணைத்தால் உடனே கண் விழித்து, "கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்பார். அவர் தூங்கலாம், டிவி ஓடலாம். அவள் சமையலறையில் நின்றால் மட்டும் கம்ப்யூட்டர் ஓடக் கூடாது.

வீடியோ வேலையில் ஒரு சங்கடம் உண்டு. வெட்டி ஒட்டுகிற வரைக்கும்தான் ஆள் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக ஆக்குவது கம்ப்யூட்டரின் பாடு. எக்ஸ்போர்ட் என்பார்கள். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் காலையில் கொடுத்தது சாயங்காலம் ஆகும். அவ்வளவு நேரமும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், யாரும் அதைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில்தான் லட்சுமிப்ரியா சோறு வடிப்பாள், துணி காயப்போடுவாள், மாவு அரைப்பாள். அந்த நேரத்தில்தான் நெல்லைநாயகம் கூடத்துக்கு வந்து பார்ப்பார். நாற்காலி காலியாக இருக்கும். பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். கை சுவிட்சுக்குப் போய்விடும்.

"மாமா, அது வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு. அணைச்சிராதீங்க."

"நீதான் இங்கன நிக்கியே. அங்கன யாரு வேலை செய்யுதா?"

இந்தக் கேள்விக்கு அவள் சொல்லாத விளக்கம் இல்லை. திரை அணைவது வேறு, கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போவது வேறு, மொத்தமாக நிறுத்துவது வேறு என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையைத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு மறுநாளே அணைத்தார். ஆனந்த்சங்கரிடம் சொன்னால் அவன் அப்பாவிடம் "ஆமாப்பா" என்பான், இவளிடம் "ஆமா லட்சுமி" என்பான். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறவன், இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுப் பழகியவன்.

அந்தச் சமயத்தில்தான் மிஸ்ரியா வந்தாள்.

மிஸ்ரியா இதே ஊர்ப் பெண். நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளையோடு மஸ்கட் போகப்போகிறவள். ஆண்கள் பக்கத்து வீடியோவை ஒரு ஸ்டுடியோ எடுத்தது. பெண்கள் பக்கம் எடுக்க லட்சுமிப்ரியாவைத்தான் கூப்பிட்டார்கள். மருதாணி வைக்கிற அன்று அவள் வீட்டு மாடி அறையில் பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டுப் பாடினார்கள், ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள், ஆடத் தெரியாதவர்கள் எல்லாம் ஆடினார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்ற லட்சுமிப்ரியாவுக்கே கால் துறுதுறுத்தது. முடிந்ததும் மிஸ்ரியா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதை ஒரு ஆம்பளையும் பாக்கக் கூடாது. எந்தக் கடைக்கும் குடுத்துராதீங்க. நெட்லயும் ஏத்திராதீங்க, ஒரு தடவை ஏறுனா யாரு கைக்குப் போவும்னு சொல்ல முடியாது. நான் ஊருக்குப் போறதுக்குள்ள எங் கையில குடுத்துருங்க. எங்கூடப் பொறந்த லாத்தா மஸ்கட்ல அழுதுக்கிட்டு இருக்கா, கல்யாணத்துக்கு வர முடியலைன்னு. அவ பாக்கணும்."

"என்னை நம்பிக் குடுத்திருக்க. உன் கையிலதான் வரும்" என்றாள் லட்சுமிப்ரியா. உறையில் என்ன பெயர் போடட்டும் என்று தயங்கிக் கேட்டாள்.

"உங்க பேருதாங்க்கா. வேற யாரு பேரு?"

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது ரத வீதி முழுவதும் தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். இனி எல்லாம் அந்தப் பெண் கிளம்புவதற்குள் முடிய வேண்டும், எந்த ஆணின் கண்ணிலும் படாமல் முடிய வேண்டும். சொன்ன சொல் அவ்வளவுதான்.

முதல் தடவை எக்ஸ்போர்ட் கொடுத்து, திரையில் படம் ஓடும் கட்டத்தைச் சுருக்கி மறைத்துவிட்டு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியின் உறுமல் நின்றது. ஓடி வந்து பார்த்தால் நெல்லைநாயகம் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, கையில் போனைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெற்றியோடு இருந்தார். கம்ப்யூட்டரில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று யாரோ ஒருவன் பேசிய வீடியோவைப் பார்த்து, அவளுடைய பவர் செட்டிங்கைத் திறந்து, அவள் 'நெவர்' என்று வைத்திருந்ததை ஒரு நிமிடம் என்று மாற்றியிருந்தார். ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது ஸ்லீப்புக்குப் போய்விடும். போய்விட்டது. வெளியே சொருகியிருந்த ஹார்ட் டிஸ்கின் தொடர்பு அறுந்து எக்ஸ்போர்ட் பாதியில் செத்துக் கிடந்தது.

"நீ கஷ்டப்பட வேண்டாம்னு நானே செஞ்சிட்டேன்" என்றார்.

எவ்வளவு பெரிய உபகாரம்! லட்சுமிப்ரியாவுக்குக் காது மடல் எல்லாம் சுட்டது. செட்டிங்கைத் திருப்பி மாற்றி, ஒரு பாஸ்வேர்டும் போட்டாள். அதுதான் அந்த வீட்டில் பெரிய குற்றமாகிவிட்டது. "என் வீட்டுல எனக்கே பூட்டா?" என்று அவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. மாமியார் பிரம்மநாயகி, "அவர் மனசு நோகும்படி எதுக்கும்மா? எடுத்துரு" என்றாள். ஆனந்த்சங்கர் வழக்கம்போல இரண்டு பக்கமும் ஆமாம் போட்டான். பூட்டு எடுக்கப்பட்டது. வேலை பாழானதற்கு யாரும் ஒரு வேளைச் சோற்றைக்கூடத் தள்ளிவைக்கவில்லை.

இரண்டாம் தடவை கரண்ட் போனது. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த தடவை, அவள் மாடியில் வடகம் காயப்போட்ட நேரம் பார்த்து மாமனாரின் கை வேலை செய்தது. சுவிட்சை அணைத்ததும், கரண்ட் போனால் கொஞ்சம் தாங்கட்டும் என்று மாட்டியிருந்த யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தியிருக்கிறது. அதன் பேட்டரி நோஞ்சான், கொஞ்ச நேரம் கத்திவிட்டு உயிரை விட்டுவிடும். அவள் படியிறங்கி வருவதற்குள் விட்டிருந்தது.

அப்படியே தள்ளித் தள்ளி ஆயுத பூஜை வந்துவிட்டது. மறுநாள் காலையில் மிஸ்ரியா விமானம் ஏறத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

பூஜையில் வைத்த பொருளை மறுநாள் எடுக்கிற வரைக்கும் தொடக் கூடாது என்பது வழக்கம். கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம் வைத்துப் பூஜையில் சேர்க்க வேண்டும் என்று மாமனார் முதல் நாளே சொல்லிவிட்டார். லட்சுமிப்ரியா யோசித்தாள். தொடத்தானே கூடாது? தொடவே வேண்டாம். காலையிலேயே எக்ஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, ஸ்லீப் 'நெவர்', திரை மட்டும் ஒரு நிமிடத்தில் அணையட்டும் என்று வைத்துவிட்டால், இருட்டுத் திரைக்குப் பின்னால் அது தன் வேலையைப் பார்க்கும். உறுமலை மறைக்க மேலே மின்விசிறி இருக்கவே இருக்கிறது. மானிட்டரின் பொத்தானையே அமுக்கிவிடலாம், ஆனால் அது உள்ளே போய் மாட்டிக்கொண்டு மாதங்கள் ஆகின்றன.

பூஜை வேளைக்கு மாமனாரின் பழைய அலுவலகத் தோழர் கோமதிநாதன் வந்தார். இரண்டு பேரும் சாமி படங்களுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து பழைய கதையை அவிழ்த்தார்கள். பொரிகடலைத் தட்டோடு வந்த லட்சுமிப்ரியாவைப் பார்த்ததும் கோமதிநாதனுக்கு உற்சாகம் கூடிவிட்டது.

"உங்க மாமன் துண்டுக் கதை தெரியுமாம்மா? காலையில வந்து நாற்காலியில துண்டைப் போடுவான். அவ்வளவுதான், ஆளு சீட்டுல இருக்கான்னு அர்த்தம். டீக்கடை, கோயில், மத்தியானத் தூக்கம், எங்க வேணா போவான். ஒரு நா துண்டைப் போட்டுட்டு இளையரசனேந்தலுக்குக் கல்யாணத்துக்கே போயிட்டான்! அன்னைக்குன்னு பெரிய ஆபீசர் ஆய்வுக்கு வாராரு. நாற்காலியப் பாத்தாரு, துண்டைப் பாத்தாரு, 'இப்பத்தான் எழுந்து போயிருக்காப்ல போல'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு!"

"சும்மா கெடவே" என்றார் நெல்லைநாயகம், பூரிப்போடு.

இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். லட்சுமிப்ரியா தட்டைக் கீழே வைத்தாள். காலியான நாற்காலியில் ஒரு துண்டு கிடந்தாலே வேலை நடக்கிறதாக எழுதிக்கொண்ட மனிதர், நிஜமாகவே வேலை நடக்கிற நாற்காலியைப் பார்த்து இத்தனை நாளாக என்ன கேட்டார்! கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும்.

பிரம்மநாயகி சந்தனக் கிண்ணத்தோடு மூலைக்குப் போனாள். மானிட்டர் நெற்றியில் ஒரு பொட்டு. பெட்டிக்கு ஒரு பொட்டு. கீபோர்டுக்கு ஒன்று. மௌஸுக்கும் ஒன்று வைத்து, அது வழுக்கியதால் இன்னொரு கையால் அழுத்திப் பிடித்து, குங்குமமும் வைத்தாள்.

திரை பளிச்சென்று எரிந்தது. எக்ஸ்போர்ட் ஓடும்போது ஓரமாகப் படம் ஓடுமே, திரைதான் அணைந்திருக்கிறதே என்று அன்று அதைச் சுருக்கி மறைக்கவில்லை. அதில் மிஸ்ரியா வீட்டு மாடி. மருதாணிக் கைகள், அவிழ்ந்த கூந்தல்.

"என்ன அங்கன, டிவியா?" என்று கோமதிநாதன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்.

லட்சுமிப்ரியா எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஈசி சேரின் கையில் மாமனாரின் துண்டு கிடந்தது. அதை உருவி மானிட்டரின் மேல் வீசி மூடினாள்.

"பூஜையில வச்ச பொருளு ஓடுதா?" நெல்லைநாயகம் எழுந்தார். "சாமி முன்னால இருக்கப்ப கூடவா? ஆளு இல்லாத வேளையிலே இதுக்கு என்ன ஓட்டம்?" சொல்லிக்கொண்டே போய்ச் சுவிட்சை அணைத்தார்.

யுபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது.

"போடுங்க மாமா அதை!"

அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத குரல். பிரம்மநாயகியின் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்தது. கூடத்துக்கு வந்த ஆனந்த்சங்கர் அப்படியே நின்றான்.

"இன்னைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாதுன்னா உங்க போனு ஏன் பூஜையில இல்ல? காலையில இருந்து அதைத்தானே தேய்ச்சிக்கிட்டு இருக்கீங்க? கம்ப்யூட்டரை எப்படி அணைக்கணும்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அந்தப் போனுதானே? நான் எதையும் தொடலை. அது பாட்டுக்கு வேலை செய்யுது. தொட்டது நீங்க. ஒவ்வொரு தடவையும் தொட்டது நீங்கதான். ஒரு பொண்ணு என்னை நம்பிக் குடுத்தது அதுக்குள்ள கெடக்கு. நாளைக்குக் காலையில அவ போயிருவா!"

"என்ன பேச்சுப் பேசுத நீ! ஆளே இல்லாத நாற்காலியில என்ன வேலைன்னு கேட்டா தப்பா?"

யுபிஎஸ் விடாமல் கத்தியது. லட்சுமிப்ரியா துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஆகித் திரை தானாக அணைந்திருந்தது. துண்டை எடுத்து, உதறி, நீளமாக மடித்து, தன்னுடைய நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டாள். இரண்டு நுனியும் சமமாக இருக்கும்படி இழுத்துவிட்டாள்.

"ஆளு சீட்டுலதான் இருக்கு, மாமா. டீ குடிக்கப் போயிருக்கு."

முதலில் கோமதிநாதன்தான் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நெல்லைநாயகம் நாற்காலியைப் பார்த்தார். அவருடைய துண்டு, ஓரத்தில் சிவப்புக் கரை, அவர் மடித்துப் போடுகிற அதே மடிப்பு. அவர் முகம் சிவந்து கறுத்தது.

"அந்தச் சுவிட்சைப் போடுங்க முதல்ல. காது கிழியுது. தீபாராதனை காட்டணும்" என்றாள் பிரம்மநாயகி.

அவர் போட்டார். கத்தல் நின்றது. பெட்டி உயிரோடு இருந்தது.

மறுநாள் காலை மிஸ்ரியாவின் கார் தெருமுனையில் நின்றது. லட்சுமிப்ரியா பென் டிரைவை உறையோடு நீட்டினாள். உறையில் 'லட்சுமிப்ரியா, சங்கரன்கோவில்' என்று அச்சடித்திருந்தது. மிஸ்ரியா அதைக் கைப்பைக்குள் அடியில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யாரும் பாக்கலியேக்கா?"

"யாரும் பாக்கல" என்றாள். அது உண்மை. அந்த உண்மைக்காக அவள் பட்டதைக் காரில் போகிறவளிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

துண்டு நாற்காலியிலேயே கிடந்தது. அதிசயம் என்னவென்றால், துண்டு கிடக்கிற வரைக்கும் நெல்லைநாயகம் அந்தச் சுவிட்சுப் பக்கம் போகவில்லை. கூடத்துக்கு வருவார், கை லேசாக எழும், துண்டைப் பார்ப்பார், பின்வாங்கிவிடுவார். ஆனந்த்சங்கர் இதைச் சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். "பிரச்சினை தீந்துச்சுல்லா?" என்று இவளிடமும் வந்து சிரித்தான்.

லட்சுமிப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. யோசிக்க யோசிக்கப் பற்றிக்கொண்டுதான் வந்தது. எத்தனை விளக்கம் சொன்னாள், எத்தனை தடவை கெஞ்சினாள், அதற்கெல்லாம் கிடைக்காத மரியாதை ஒரு முழத் துண்டுக்குக் கிடைக்கிறது. அதுவும் அவர் துண்டு! வெள்ளத்துரையின் பெயரை ஒட்டிக்கொண்டு வேலை பார்த்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மிஸ்ரியாவின் உறவில் இன்னொரு கல்யாணம் வந்தது. அந்த எக்ஸ்போர்ட்டைக் கொடுத்த அன்று காலை, துண்டை எடுத்துத் துவைத்து, காய்ந்ததும் மடித்து, ஈசி சேரின் கையில் கொண்டுபோய் வைத்தாள். நாற்காலி மொட்டையாக இருந்தது. பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவள் சமையலறைக்குப் போய்க் குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தாள்.

நெல்லைநாயகம் கூடத்துக்கு வந்தார். காலியான நாற்காலியைப் பார்த்தார். கை சுவிட்சுக்குப் போனது.

"மாமா."

அவள் சமையலறை வாசலில் நின்றாள். குரல் உயரவில்லை. கையில் கரண்டி இருந்தது.

"நான் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஈசி சேரில் கிடந்த துண்டையும் ஒரு தடவை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நகரவில்லை. கை மெல்ல இறங்கியது. போய் ஈசி சேரில் உட்கார்ந்து டிவியைப் போட்டார்.

அவர் சரியாகச் சாய்ந்து உட்காரும் வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். உள்ளே குழம்பு அடிபிடிக்கிற வாசம் வந்தது. பிடிக்கட்டும் என்று நின்றாள்.